கழுவினால் போகாத தொற்று

பிறப்புறுப்பில் அரிப்போ வாடையோ தெரிந்தால், பெரும்பாலான பெண்களின் கை முதலில் சோப்பைத்தான் தேடும். இன்னொரு முறை கழுவலாம், கொஞ்சம் கிருமிநாசினி கலந்து கழுவலாம், உள்ளேயும் தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்று தோன்றும். சில நாட்களில் தொல்லை கூடியிருக்கும். அப்போதும் ‘நாம்தான் சுத்தமாக இல்லையோ’ என்ற குற்ற உணர்வே மிஞ்சும். அந்தக் குற்ற உணர்வுக்கு மருத்துவத்தில் எந்த அடிப்படையும் இல்லை. யோனித் தொற்றுகளில் அதிகம் காணப்படும் இரண்டு வகைகளும், அதாவது பாக்டீரியாவால் வருவதும் பூஞ்சையால் வருவதும், அழுக்கு சேர்ந்து வருபவை அல்ல. அங்கே இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் விகிதம் மாறிப்போவதால் வருபவை. அந்த விகிதத்தைக் கெடுக்கும் காரணங்களில் அதிகமாகக் கழுவுவதும் ஒன்று.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வெளியே கண்ணுக்குத் தெரியும் பகுதி வேறு, உள்ளே கருப்பை வாய்வரை செல்லும் யோனிக் குழாய் வேறு. வெளிப்பகுதி தோல். வியர்வையும் சிறுநீர்த் துளிகளும் அங்கே தங்கும், அதனால் தினமும் தண்ணீரால் கழுவ வேண்டியதுதான். உள்ளே இருக்கும் குழாயைக் கழுவவே தேவையில்லை. அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பது தெரிந்தால், பின்னால் வரும் எல்லாத் தொற்றுகளும் எளிதாகப் புரியும்.

அமிலம் தரும் பாதுகாப்பு

ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் மகப்பேறு மருத்துவர், ஆரோக்கியமான பெண்களின் யோனியில் குச்சி வடிவ பாக்டீரியாக்கள் நிறைந்திருப்பதை 1892-இல் விவரித்தார். லாக்டோபாசில்லஸ் என்று இன்று அழைக்கப்படும் குடும்பம் அது. பருவமடைந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சுரக்கத் தொடங்கும்போது, யோனியின் உட்சுவர் தடிக்கும். அந்தச் செல்களில் க்ளைகோஜன் என்ற மாவுப்பொருள் சேரும். செல்கள் உதிரும்போது அந்த மாவுப்பொருள் சிதைந்து லாக்டோபாசில்லஸுக்கு உணவாகிறது. அவை அதை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இதனால்தான் குழந்தை பெறும் வயதில் யோனியின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறக்குறைய 3.8 முதல் 4.5 வரை, அதாவது நல்ல அமிலத்தன்மையுடன் இருக்கிறது. நோய் தரும் கிருமிகளில் பலவற்றுக்கு இந்த அமிலத்தில் பெருக முடியாது. அடர்ந்த நிற உள்ளாடைகள் சில மாதங்களில் நடுவே வெளுத்துப்போவதைப் பல பெண்கள் கவனித்திருப்பார்கள். அதற்கும் இந்த அமிலம்தான் காரணம். கவலைப்பட ஒன்றுமில்லை.

இரத்தத்தின் பிஎச் சுமார் 7.4. விந்துவும் காரத்தன்மை உடையது. மாதவிடாய் நாட்களிலும் உடலுறவுக்குப் பிறகும் அமிலத்தன்மை தற்காலிகமாகக் குறைவது இதனால்தான். ஆரோக்கியமான உடல் சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சோப்பு, வாசனைத் திரவம், கிருமிநாசினிக் கரைசல் ஆகியவற்றை உள்ளே செலுத்தும்போது இந்தத் திரும்புதல்தான் தடைபடுகிறது. கெட்ட கிருமியைக் கொல்லும் கிருமிநாசினி நல்ல பாக்டீரியாவை விட்டுவைப்பதில்லை. களையோடு பயிரையும் பிடுங்கிய நிலத்தில் முதலில் முளைப்பது களைதான். இங்கே நடப்பதும் அதுவே. உள்ளே நீர் செலுத்திக் கழுவும் பழக்கம் உள்ள பெண்களிடம் பாக்டீரியத் தொற்றும் இடுப்புக்குழி அழற்சியும் (கருப்பை, கருக்குழாய்ப் பகுதியில் வரும் தொற்று) கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன.

எல்லா வெள்ளைப்படுதலும் நோயல்ல

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஒன்றுமே இல்லாத பெண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் இதற்காக மருந்து சாப்பிடுகிறார்கள். யோனியிலிருந்து தினமும் கொஞ்சம் திரவம் வெளியேறுவது இயல்பு. உதிர்ந்த செல்கள், கருப்பை வாயின் சளி, பாக்டீரியாக்கள் எல்லாம் அதில் கலந்து வெளியே வருகின்றன. அந்தக் குழாய் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் முறையே அதுதான். மாதச் சுழற்சியின் நடுவில் முட்டை வெளிப்படும் சமயத்தில் திரவம் தெளிவாக, வழுக்கலாக, இழுத்தால் நீளும் தன்மையுடன் இருக்கும். மற்ற நாட்களில் வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கலாம். துணியில் காய்ந்ததும் இளமஞ்சளாகத் தெரியும். கர்ப்ப காலத்திலும், சில ஹார்மோன் மாத்திரைகள் எடுக்கும்போதும் அளவு கூடும். இதனால் உடம்பில் இருந்து சத்து எதுவும் வெளியேறிவிடுவதில்லை.

கவனிக்க வேண்டியது மாற்றத்தை. உங்களுக்கு வழக்கமாக இருப்பதிலிருந்து நிறம், மணம், தன்மை மாறினால், கூடவே அரிப்போ எரிச்சலோ வலியோ வந்தால், அப்போது காரணம் தேட வேண்டும்.

வாடையுடன் வரும் பாக்டீரியத் தொற்று

குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களிடம் மிக அதிகம் காணப்படுவது பாக்டீரியல் வஜைனோசிஸ். உலகளவில் இந்த வயதுப் பெண்களில் 23 முதல் 29 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அறிகுறி எதுவும் இருக்காது. மற்றவர்களுக்குச் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் நீர்த்த திரவமும், மீன் வாடை போன்ற நாற்றமும் இருக்கும். அரிப்பு பெரும்பாலும் இருக்காது. உடலுறவுக்குப் பிறகும் மாதவிடாய் சமயத்திலும் வாடை தூக்கலாகத் தெரியும். காரத்தன்மை பட்டதும் அமீன் என்ற வேதிப்பொருட்கள் ஆவியாவதுதான் காரணம்.

இங்கே வெளியிலிருந்து வந்த ஒற்றைக் கிருமி என்று எதையும் சுட்ட முடிவதில்லை. லாக்டோபாசில்லஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா போன்ற, காற்றில்லாமலும் வாழக்கூடிய பாக்டீரியாக்கள் பலவும் ஒரே சமயத்தில் பெருகுகின்றன. கார்ட்னெரெல்லா யோனிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலம் ஒன்றை அமைத்துக்கொள்கிறது. மருந்து அந்தப் படலத்துக்குள் முழுதாக ஊடுருவுவதில்லை. மெட்ரோனிடசோல் அல்லது க்ளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலானோருக்கு அப்போதைக்குச் சரியாகிவிடும், ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் திரும்பவும் வரும். ‘நான் ஏதோ தப்பு செய்கிறேன்’ என்று பெண்கள் நொந்துகொள்வது இங்கேதான். நோயின் இயல்பே அப்படி என்பதை மருத்துவர்கள் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் எத்தனையோ மனவேதனை குறையும்.

புதிய துணை, ஒன்றுக்கு மேற்பட்ட துணைகள், ஆணுறை இல்லாத உடலுறவு, உள்ளே கழுவும் பழக்கம், புகைபிடித்தல் ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. தாமிரம் கொண்ட கருத்தடைச் சாதனம் பொருத்திய சிலருக்கும் இது அடிக்கடி வரலாம். பல ஆண்டுகளாக இதைப் பாலுறவு நோயாகக் கருதாமல் பெண்ணுக்கு மட்டுமே சிகிச்சை தந்துவந்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்த ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-இல் வெளியானது. தொற்று உள்ள பெண்ணும் அவரது ஆண் துணையும் கொண்ட 164 ஜோடிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் பெண்ணுக்கு மட்டும் மருந்து. மற்றொன்றில் ஆணுக்கும் ஏழு நாட்கள் மாத்திரையும் ஆண்குறியில் தடவும் கிரீமும். பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்த குழுவில் 12 வாரங்களுக்குள் 63 சதவீதம் பேருக்குத் தொற்று திரும்பியது. இருவருக்கும் தந்த குழுவில் 35 சதவீதம்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். நிலையான துணை இருந்து, இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால், அவருக்கும் சிகிச்சை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது இன்று மிகவும் நியாயமான கேள்வி.

அறிகுறி இல்லையென்றால் சும்மா விட்டுவிடலாமா? பலருக்கு அது தானாகவே சரியாகிவிடும். ஆனால் இந்தத் தொற்று இருக்கும்போது எச்ஐவி உள்ளிட்ட பாலுறவு நோய்கள் தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பிணிகளுக்குக் குறைமாதப் பிரசவ ஆபத்துடனும் இதற்குத் தொடர்பு உண்டு. கர்ப்ப காலத்தில் வாடையோ நிற மாற்றமோ தெரிந்தால் அடுத்த பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அரிப்பைத் தரும் பூஞ்சை

நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது பூஞ்சைத் தொற்று வரும் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சைதான் காரணம். கடுமையான அரிப்பு, சிவந்துபோதல், வீக்கம், சிறுநீர் கழிக்கும்போது வெளித்தோலில் எரிச்சல், தயிர்க்கட்டி போன்ற வெள்ளைத் திரவம் என்று இது வரும். நாற்றம் பொதுவாக இருக்காது. பிஎச் அளவும் மாறாது. பாக்டீரியத் தொற்றிலிருந்து இதைப் பிரித்தறிய உதவும் முக்கியமான அடையாளங்கள் இவை.

கேண்டிடா பல பெண்களின் உடலில் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கிறது. அறிகுறி இல்லாதவருக்குப் பரிசோதனையில் மட்டும் பூஞ்சை தெரிந்தால் மருந்து தேவையில்லை. ஏதோ ஒன்று அதற்குச் சாதகமாக மாறும்போதுதான் அது நோயாகிறது. வேறு எதற்கோ எடுத்த ஆன்டிபயாடிக், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், கர்ப்பம், ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் வகை நீரிழிவு மாத்திரைகளும் (டாபாக்ளிஃப்லோசின், எம்பாக்ளிஃப்லோசின் போன்றவை) இந்தத் தொற்றைக் கொண்டுவரலாம். அந்த மாத்திரை தொடங்கிய பிறகு அரிப்பு வந்தால், நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் இருக்கும் இடத்தில்தான் கேண்டிடா செழிக்கும். அதனால் பருவமடையாத சிறுமிகளுக்கும், ஹார்மோன் சிகிச்சை எடுக்காத, மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது அரிது. அந்த வயதுகளில் அரிப்பு வந்தால் பூஞ்சைக்கான கிரீமை வாங்கித் தடவுவது பெரும்பாலும் வீண்.

க்ளோட்ரிமசோல் கிரீம் அல்லது யோனிக்குள் வைக்கும் மாத்திரை, இல்லையென்றால் ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம் ஒரு வேளை என்பது சாதாரணத் தொற்றுக்கான சிகிச்சை. கர்ப்பிணிகள் ஃப்ளுகோனசோல் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும், அவர்களுக்கு வெளிமருந்துதான். எண்ணெய்ப்பசை கொண்ட இந்தக் கிரீம்கள் லேட்டக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வந்தால் அது தனி வகை. சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும், எந்த வகைப் பூஞ்சை என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். கேண்டிடா க்ளாப்ராட்டா போன்ற சில வகைகள் வழக்கமான மருந்துக்கு எளிதில் மசியாது.

ட்ரைக்கோமோனாஸ்

மூன்றாவது காரணம் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. பிரெஞ்சு மருத்துவர் ஆல்ஃபிரெட் டோன்னே 1836-இல் நுண்ணோக்கியில் கண்டது. இது உடலுறவின் வழியாகப் பரவுகிறது. 2020-இல் மட்டும் உலகில் சுமார் 15 கோடியே 60 லட்சம் பேருக்குப் புதிதாக வந்திருக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. மஞ்சள் கலந்த பச்சை நிறத் திரவம், நுரை, நாற்றம், எரிச்சல் எல்லாம் சேர்ந்து வரலாம். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. துணைக்கும் சேர்த்து மருந்து தராவிட்டால் சிகிச்சை வீணாகிவிடும். இருவரும் மருந்தை முடித்து, அறிகுறிகள் தீரும்வரை உடலுறவு வேண்டாம். எத்தனை காலத்துக்கு முன் தொற்றியது என்று அறிகுறியை வைத்துச் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் அடங்கி இருக்கக்கூடியது இது. ஆகவே இந்தப் பெயரைக் கேட்டதும் யார் மீதும் பழி போடுவதற்கு அவசரப்பட வேண்டியதில்லை.

அரிப்பும் திரவமும் தொற்று இல்லாமலும் வரும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து யோனிச் சுவர் மெலிந்து உலர்ந்துபோவதால் எரிச்சலும் உடலுறவில் வலியும் வரும். அதற்கு ஈரப்பதம் தரும் ஜெல்லோ குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமோ தேவைப்படும். சோப்பு, வாசனை நாப்கின், துணி துவைக்கும் தூள், முடி நீக்கும் கிரீம் ஆகியவற்றால் வரும் ஒவ்வாமையும் தொற்று போலவே தோன்றும். க்ளமிடியா, கொனோரியா போன்ற பாலுறவு நோய்கள் கருப்பை வாயைத் தாக்கி மஞ்சள் திரவமாகத் தெரியலாம்.

ஊகத்தில் மருந்து வாங்குவது

இவ்வளவு காரணங்கள் இருக்கும்போது அறிகுறியை வைத்து நாமாகவே முடிவு செய்வது கடினம். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்குப் பூஞ்சைத் தொற்று என்று நம்பி மருந்துக்கடையில் தாங்களாகவே மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்குத்தான் அது பூஞ்சையாக மட்டும் இருந்தது. மற்றவர்களில் பலருக்கு பாக்டீரியத் தொற்றோ கலப்புத் தொற்றோ இருந்தது. சிலருக்குத் தொற்றே இல்லை. முன்பு ஒரு முறை மருத்துவரால் பூஞ்சை என்று கண்டறியப்பட்டிருந்தவர்களின் ஊகமும் இதைவிடச் சரியாக இல்லை. பூஞ்சைக்கும் பாக்டீரியத் தொற்றுக்கும் மருந்து வேறு வேறு. பூஞ்சை மருந்து பாக்டீரியத் தொற்றை ஒன்றும் செய்யாது. தேவையில்லாத ஆன்டிபயாடிக் பூஞ்சையை வளர்த்துவிடும்.

பரிசோதனை பெரிய காரியமும் அல்ல. பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் திரவம் எடுத்து, பிஎச் தாளில் வைத்துப் பார்ப்பார்கள், நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். போவதற்கு முன்பு உள்ளே கழுவாதீர்கள். அதற்கு முந்தைய ஓரிரு நாட்களில் கிரீம் எதுவும் வைக்காதீர்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றும், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை.

தடுப்பதற்கு என்ன செய்யலாம்

உறுதியாகச் சொல்லக்கூடியது சிலதான். யோனிக்குள் எதையும் விட்டுக் கழுவாமல் இருப்பது முதலாவது. வெளிப்பகுதிக்கு வெறும் தண்ணீர் போதும். வேண்டுமென்றால் மணமில்லாத மென்மையான சோப்பை வெளித்தோலுக்கு மட்டும் போடலாம். ‘பெண்மைக்கான’ என்ற அடைமொழியுடன் விற்கப்படும் கழுவிகளும் தெளிப்பான்களும் யாருக்கும் தேவையில்லை. ஆணுறை பயன்படுத்துவது ட்ரைக்கோமோனாஸிலிருந்தும் பிற பாலுறவு நோய்களிலிருந்தும் பாதுகாப்புத் தருவதோடு பாக்டீரியத் தொற்றின் வாய்ப்பையும் குறைக்கிறது. சளி, காய்ச்சலுக்கெல்லாம் தானாகவே ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாமல் இருப்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் பூஞ்சைக்கு எதிரான நல்ல தடுப்பு.

பருத்தி உள்ளாடை, தளர்ந்த உடை, ஈரத்துணியைச் சீக்கிரம் மாற்றுவது ஆகியவை தோலுக்கு இதம். இவற்றால் மட்டும் தொற்று வராமல் போய்விடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றாலும் பின்பற்றுவதில் தீங்கில்லை. மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகத் துடைப்பதும் நல்ல பழக்கம். குடல் கிருமிகள் முன்பக்கம் வராமல் தடுக்கும். நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். டாம்பானை எட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மறந்து உள்ளேயே விட்டுவிட்டால் தாங்க முடியாத நாற்றம் வரும், அரிதாக உயிருக்கே ஆபத்தான நச்சு அதிர்ச்சியும் வரலாம். மாதவிடாய்க் கப் பயன்படுத்துபவர்கள், கையைக் கழுவிவிட்டுப் பொருத்தி, ஒவ்வொரு சுழற்சிக்குப் பின்பும் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

தயிரையோ பூண்டையோ உள்ளே வைக்கச் சொல்லும் அறிவுரைகள் நிறைய உலவுகின்றன. தயிரில் இருக்கும் பாக்டீரியா வகைகள் யோனியில் வாழும் வகைகள் அல்ல. பூண்டு அந்த மென்மையான சவ்வைப் புண்ணாக்கிவிடும். யோனிக்கே உரிய லாக்டோபாசில்லஸ் கிறிஸ்பேட்டஸை மருந்தாகத் தரும் முயற்சி உண்மையிலேயே நம்பிக்கை தருகிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், மெட்ரோனிடசோல் ஜெல்லுக்குப் பிறகு அந்த பாக்டீரியாவைப் பெற்ற பெண்களில் 30 சதவீதம் பேருக்குத்தான் 12 வாரங்களுக்குள் தொற்று திரும்பியது. பெறாதவர்களில் 45 சதவீதம். ஆனால் கடைகளில் விற்கும் எல்லாப் புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரைகளுக்கும் இந்த முடிவு பொருந்தாது.

மருந்தைப் பாதியில் நிறுத்துவது இன்னொரு பெரிய தவறு. ஏழு நாள் மெட்ரோனிடசோலில் சில நாட்களிலேயே வாடை போய்விடலாம். வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் இருப்பதால் பலர் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். உணவுக்குப் பிறகு எடுத்தால் குமட்டல் குறையும். மாதவிடாய் வந்துவிட்டாலும் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

அடிவயிற்றில் வலி, காய்ச்சல், உடலுறவுக்குப் பின் இரத்தம், புண் அல்லது கொப்புளம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். தொற்று கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறியிருந்தால் பின்னாளில் கருத்தரிப்பதையே அது பாதிக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் வந்தாலும் அதைத் தொற்று என்று நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது. புற்றுநோய் இல்லை என்பதை உறுதி செய்தாக வேண்டும். சிறுமிக்கு நாற்றமோ இரத்தம் கலந்த திரவமோ வந்தால், உள்ளே ஏதாவது பொருள் சிக்கியிருக்கலாம், குடல் புழுவால் அரிப்பு வந்திருக்கலாம். பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கும் சாத்தியத்தையும் மனதில் வைக்க வேண்டும். குழந்தையைத் திட்டாமல், பயமுறுத்தாமல், அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, குழந்தைகள் மருத்துவரிடம் உடனே அழைத்துப் போங்கள்.